‘பில் இருக்கா?’ – சொத்துப் பறிமுதலும் மெய்ப்பிக்கும் சுமையும்

(திருச்சியில் தோழர்கள் நடத்திய சட்டப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குற்ற வழக்குகளில் சொத்துப் பறிமுதல் பற்றிப் பேச வேண்டும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அமலாக்கத் துறை நாள்தோறும் செய்தியில் அடிபடுகிற காலம். அதைப் பற்றியும் பேசுவேன். ஆனால் நான் ஒரு மூன்று பவுன் சங்கிலியில் இருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருவரங்கத்தில் தெருக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர். அவர் குப்பை வாங்கும் தெருவில் ஒரு வீட்டில் நகை காணாமல் போய்விட்டது. ஒரு சோடி வளையலும் தோடும். அந்தத் தெருவுக்கு வந்துபோகிறவர்கள் எத்தனையோ பேர். காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் மூன்று பெண்கள். மூன்று பேரும் தூய்மைப் பணியாளர்கள், ஒரே காலனியைச் சேர்ந்தவர்கள். இந்த அம்மாவின் கழுத்தில் சங்கிலி கிடந்தது. கழற்றி மேசை மேல் வை என்றார்கள். ‘பில் இருக்கா?’ என்று கேட்டார்கள். இல்லை. அவ்வளவுதான். சந்தேகத்துக்குரிய சொத்து என்று எழுதிக் கைப்பற்றிக்கொண்டார்கள்.

காணாமல் போனது வளையல், பிடித்து வைத்தது சங்கிலி. நான் போய்க் கேட்டபோது அங்கிருந்த அதிகாரி சிரிக்காமல் சொன்னார்: “உருக்கிச் செஞ்சிருக்கலாமே சார்.”

காவல்துறையைக் குறை சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா நடந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொல்லி முடித்ததும், நான் கேட்ட முதல் கேள்வி: “பில் இருக்காம்மா?” அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “எங்க அம்மா கழுத்துல கிடந்த சங்கிலிக்கு நான் எங்க சார் பில்லுக்குப் போவேன்?” என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு எப்படி அவ்வளவு இயல்பாக வந்தது என்பதைத்தான் பிறகு பல நாள் யோசித்தேன். இன்றைய பேச்சே அதிலிருந்து வந்ததுதான்.

சட்டத்தில் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 114ஆவது பிரிவு, முதல் எடுத்துக்காட்டு. திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் திருட்டுப் பொருளை வைத்திருப்பவர், அது எப்படி வந்தது என்று விளக்கம் சொல்லாவிட்டால், அவரே திருடர் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவர் என நீதிமன்றம் அனுமானிக்கலாம். புதிய சாட்சியச் சட்டத்திலும் இது 119ஆவது பிரிவாக அப்படியே தொடர்கிறது. கவனியுங்கள். பொருள் திருட்டுப் பொருள்தான் என்பதை முதலில் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விளக்கம் சொல்லும் பொறுப்பு நம் பக்கம் வரும். அந்த அம்மா விசயத்தில் முதல் படியே கிடையாது. சங்கிலி திருட்டுப் பொருள் என்பதற்கு இருந்த ஒரே சான்று, அது அவர் கழுத்தில் இருந்தது என்பதுதான்.

இது புதிதல்ல. சூத்திரன் பொருள் சேர்க்கக்கூடாது என்கிறது மநு, பத்தாம் அத்தியாயம் 129. சூத்திரனிடம் இருக்கும் பொருளைப் பார்ப்பனர் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், அவனுக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை என்பது எட்டாம் அத்தியாயம் 417. இந்த நாட்டின் முதல் பறிமுதல் சட்டம் என்று அதைத்தான் சொல்லுவேன். சூத்திரனுக்கே இந்தக் கதி என்றால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைக் கேட்க வேண்டியதில்லை. அங்கே மெய்ப்பிக்கும் சுமை என்ற பேச்சுக்கே இடமில்லை, பிறப்பே தீர்ப்பு. வெள்ளைக்காரன் வந்து 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் உள்ளிட்ட சாதிகளில் பிறந்தவர்கள் கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றார்கள். சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. பழக்கம் நீங்கவில்லை. ‘ஜெய் பீம்’ படத்தில் நீங்கள் பார்த்த இராசாக்கண்ணு வழக்கு நடந்தது 1993இல். அதுவும் ஒரு நகைத் திருட்டுப் புகாரில் தொடங்கியதுதான்.

சரி, இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெண்மணியைப் பற்றிப் பேசலாம். 2011இல் ஸ்ரீரங்கம் தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர், முதலமைச்சர் ஜெயலலிதா. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்கா அவருக்கு நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். பதவி போயிற்று. 2015 பிப்ரவரியில் இங்கே இடைத்தேர்தல் நடந்தது. எந்தத் தெருவிலெல்லாம் எத்தனை அமைச்சர்கள் நின்றார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

வழக்கு என்ன? 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை வருமானத்துக்கு மீறிச் சேர்த்த சொத்து. அரசுத் தரப்பு 66.65 கோடி என்றது. தனி நீதிமன்றம் 53.60 கோடி என்று கண்டது. இதுவும் ‘பில் இருக்கா?’ வழக்குத்தான். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 வரை இருந்த 13(1)(உ) பிரிவு, அரசு ஊழியர் தன் சொத்துக்குத் திருப்தியளிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்றது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் அரசு எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருந்தது பாருங்கள். 259 சாட்சிகள். கட்டடங்களை அளந்து, நகையை எடை போட்டு, நிலப் பத்திரங்களைத் திரட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ‘விளக்கம் சொல்லுங்கள்’ என்று கேட்டார்கள். எதிர்த்தரப்பு 99 சாட்சிகளை நிறுத்தியது. பிறந்தநாள் பரிசு என்றார்கள், நாளிதழ் சந்தா என்றார்கள், திராட்சைத் தோட்டம் என்றார்கள். எல்லாவற்றையும் நீதிமன்றம் உட்கார்ந்து கேட்டது. கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. கடன் தொகைகளைக் கூட்டியதில் 10.67 கோடி வரவேண்டிய இடத்தில் 24.17 கோடி என்று வந்துவிட்டது. பதின்மூன்றரைக் கோடி ரூபாய் கூட்டல் பிழை! அந்தப் பிழையோடு கணக்குப் போட்டதில், மிகுதிச் சொத்து பத்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டது. பத்து விழுக்காடு வரை போனால் போகட்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் காட்டிய சலுகை, கோடிகளுக்கும் கைகொடுத்தது. மூன்று பவுனில் பத்து விழுக்காடு கழித்துக்கொள்கிறோம் என்று எங்கள் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. அதற்குள் அவர் இறந்துவிட்டார். நகைகளும் ஆயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் பத்திரங்களும் தமிழ்நாடு அரசின் கைக்கு வந்தது 2025 பிப்ரவரியில்தான்.

தீர்ப்பு வந்த நாளில் நீதிமன்ற வளாகத் தேநீர்க் கடையில் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இப்போதும் அந்தத் தீர்ப்புச் சரி என்றே நினைக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. சுமையை மாற்றி வைப்பது எப்படி என்பதற்கு அந்த வழக்கு ஒரு முறையான எடுத்துக்காட்டு. இந்த முறையை வகுத்ததிலும் ஒரு தமிழ்நாட்டு வழக்குக்குப் பங்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே.வீராசாமி மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் 1991 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: அவர் அரசு ஊழியர், அவரிடம் இன்னின்ன சொத்து இருக்கிறது, அவரது தெரிந்த வருமானம் இவ்வளவு, அந்தச் சொத்து இந்த வருமானத்துக்குப் பொருந்தாது. இந்த நான்கையும் முதலில் அரசு மெய்ப்பிக்க வேண்டும். பிறகு அவர் பேசட்டும். தலைமை நீதிபதிக்கும் முதலமைச்சருக்கும் நான்கு படி. தெருக் கூட்டுகிறவருக்கு ஒரு படிகூடக் கிடையாதா என்பதுதான் என் கேள்வி.

இனி அமலாக்கத் துறை. பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002, பிரிவு 24. பணமோசடிக் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால், அந்தக் குற்ற வருவாய் பணமோசடியில் ஈடுபடுத்தப்பட்டது என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, நீதிமன்றம் அனுமானித்தே ஆக வேண்டும். 2022 ஜூலை 27 அன்று விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் இதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வேலியும் போட்டார்கள். மூலக் குற்றம் ஒன்று நடந்திருக்க வேண்டும், அந்தக் குற்றத்தால் சொத்து வந்திருக்க வேண்டும், அதில் இந்த ஆளுக்குப் பங்கு இருக்க வேண்டும். இந்த அடிப்படைகளை அரசு நிறுவாமல் அனுமானம் கிடையாது. மூலக் குற்றத்தில் விடுதலையாகிவிட்டால் பணமோசடியும் கிடையாது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 25 அன்று உச்ச நீதிமன்றமே மறு ஆய்வு மனுவில் அறிவிப்பு அனுப்பியது. மறுபடி பார்க்க வேண்டியவை என்று அது குறிப்பிட்ட இரண்டு செய்திகளில் ஒன்று இந்தத் தலைகீழ்ச் சுமை.

வேலி தாளில் இருக்கிறது. சேலத்தில் என்ன நடந்தது? ஆத்தூர் வட்டாரத்தில் இரண்டு வயதான அண்ணன் தம்பிகள், பட்டியல் சாதியைச் சேர்ந்த விவசாயிகள். இருவருக்கும் சேர்த்து ஆறரை ஏக்கர் நிலம். உள்ளூர் பா.ஜ.க. பிரமுகர் ஒருவரோடு அந்த நிலத்தில் தகராறு. காட்டெருமைகள் மின்வேலியில் சிக்கி இறந்ததாக 2017இல் வனத்துறை போட்ட வழக்கில் 2021இல் நீதிமன்றம் இவர்களை விடுதலை செய்துவிட்டது. அதற்குப் பிறகு 2023இல் அமலாக்கத் துறை இவர்களுக்கு அழைப்பாணை அனுப்புகிறது. கடித உறையில் பெயருக்குப் பக்கத்தில் சாதியையும் எழுதி அனுப்புகிறது! வங்கிக் கணக்கில் இருந்த பணம் 450 ரூபாய். மூலக் குற்றத்தில் விடுதலையானால் பணமோசடி இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. செய்தி வெளியாகி ஊரே கொதித்த பிறகு, 2024 சனவரியில் கோப்பை மூடினார்கள்.

அந்த உறையை ஏதோ எழுத்தர் பிழை என்று விளக்கம் சொல்லிக் கடந்துவிடலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. அடிப்படை உண்மைகள் எதுவும் கையில் இல்லாதபோது, அந்த இடத்தை நிரப்ப வேறொன்று வேண்டியிருக்கிறது. அது உறையின் மேல் எழுதியிருந்தது.

அமலாக்கத் துறை சென்னையில் இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பெயரைச் சொல்வதற்குள் நாக்குச் சுளுக்கிக்கொள்கிறது) 107ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்தக் குற்றமானாலும் சரி, விசாரிக்கிற காவல் அதிகாரி ஒரு சொத்து குற்றத்தின் மூலம் வந்தது என்று ‘நம்புவதற்குக் காரணம்’ இருந்தால், காவல் கண்காணிப்பாளரின் அல்லது ஆணையரின் ஒப்புதலோடு நீதிமன்றத்தில் முடக்கக் கோரலாம். உங்களுக்கு அறிவிப்பு வரும். 14 நாளில் காரணம் சொல்ல வேண்டும். வராவிட்டால் ஒருதலையாக ஆணை. அது குற்றத்தின் வருவாய்தான் என்று நீதிமன்றம் கண்டால், மாவட்ட ஆட்சியர் 60 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். மீதி அரசுக்கு. குற்றவாளி என்ற தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. குறைந்தது இத்தனை இலட்சம் மதிப்பு இருக்க வேண்டும் என்றும் இல்லை. கோடிகளுக்கு என்று கட்டிய எந்திரத்தைக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2018 முதல் விளக்கமற்ற சொத்து ஆணை என்று ஒன்று இருக்கிறது. அங்கும் சொத்துக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு உடையவர் மேல்தான். ஆனால் சொத்து 50,000 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும், உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டும். அப்படி ஒரு கோடு கிழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியாவைப் பாருங்கள். 2014இல் ஒரு குடும்பத்தின் வீட்டையே பூட்டினார்கள், மகன் 40 டாலருக்குப் போதைப்பொருள் விற்றான் என்று. பெற்றோர் மேல் வழக்கே இல்லை. அந்த நகரில் இப்படிப் பறிகொடுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்களும் ஏழைகளும். வழக்குப் போட்டு, 2018இல்தான் நகர நிர்வாகம் இறங்கி வந்தது.

“அப்படியானால் தலைகீழ்ச் சுமையே கூடாது என்கிறீர்களா தோழர்?” என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் நம் கையில் இருக்கும் ஆயுதத்தை நாமே கீழே போட்டதாகும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 12ஆவது பிரிவு: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் அடிப்படையில் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 8ஆவது பிரிவு: நிலத் தகராறு ஏற்கெனவே இருந்து, கும்பலாக வந்து தாக்கினால், பொது நோக்கம் இருந்தது என்று அனுமானம். பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ தெரிந்தவர் என்றால், அவருக்குச் சாதியும் தெரியும் என்று அனுமானம். இவை நியாயமானவை. தன் மனத்தில் என்ன இருந்தது என்பது அடித்தவனுக்குத்தான் தெரியும். ஊரும் அதிகாரமும் அவன் பக்கம். சுமையை அங்கே வைத்தால்தான் தராசு நேராகும். பலமுள்ளவன் தோளில் வைக்க வேண்டியதை, காகிதமே இல்லாதவர் தலையில் வைக்காதே என்கிறேன்.

அதே வன்கொடுமைச் சட்டத்தில் 7ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வன்கொடுமைக்குப் பயன்படுத்திய சொத்தை, அசையும் சொத்தோ அசையாச் சொத்தோ, தண்டனையோடு சேர்த்து அரசுக்குப் பறிமுதல் செய்யலாம். விசாரணை நடக்கும்போதே முடக்கி வைக்கலாம். நம் குடியிருப்புக்குள் ஆள் ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர், வேன் எல்லாம் இதில் அடங்கும். இங்கே தண்டனைக்குப் பிறகுதான் பறிமுதல், அரசுத் தரப்பு முழுச் சுமையையும் சுமக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாத பிரிவு. நான் நடத்திய வன்கொடுமை வழக்குகளில் ஒன்றில்கூட அரசு வழக்குரைஞர் இந்தப் பிரிவில் மனுப் போட்டுப் பார்த்ததில்லை. நானும் போடச் சொல்லி வற்புறுத்தியதில்லை. டிராக்டர் மறுவாரமே உரிமையாளர் வீட்டு வாசலில் நிற்கும். அதற்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறதல்லவா!

பஞ்சமி நிலத்தையும் இங்கே வைத்துப் பாருங்கள். 1892இல் அரசாணை போட்டு ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த நிலம். பிறருக்கு விற்றால் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. பதிவேடு அரசிடம் இருக்கிறது. ஆனால் இது பஞ்சமி நிலம்தான் என்று பழைய ‘அ’ பதிவேட்டைத் தேடி அலைய வேண்டியவர்கள் யார்? பறிகொடுத்தவர்கள். 1994இல் காரணையில் இதைக் கேட்டுப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. நிலத்தை வைத்திருப்பவரிடம் போய் ‘உங்களிடம் பில் இருக்கா?’ என்று எந்த வட்டாட்சியரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சங்கிலிக்கு வருகிறேன். பொருளைத் திரும்பப் பெற மனுப் போட்டோம். உரிமைக்குச் சான்று கேட்டது நீதிமன்றம். நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாதான் கேட்டார்: “அடகுச் சீட்டு செல்லுமா சார்?” மறுநாள் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஒன்பது சீட்டுகள். மகளின் கல்லூரிக் கட்டணம், கணவரின் அறுவைச் சிகிச்சை, தீபாவளி என்று வெவ்வேறு ஆண்டுகளில் அதே சங்கிலியை வைத்து மீட்டவை. ஒவ்வொன்றிலும் எடை, தேதி, கடை முத்திரை. மிகப் பழையது, அந்த வீட்டில் வளையல் காணாமல் போவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முந்தையது.

நம்மிடம் வாங்கிய பில் இருக்காது. அடகு வைத்த சீட்டு இருக்கும். அதை மீட்டதும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மகளிர் குழுக் கணக்குப் புத்தகம், சீட்டுக் கட்டிய நோட்டு, கல்யாணத்தில் நகையோடு எடுத்த நிழற்படம் எல்லாம் சான்றுதான். 107ஆவது பிரிவில் அறிவிப்பு வந்தால் பயந்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். 14 நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். வந்த அன்றே எடுத்துக்கொண்டு வாருங்கள். நாம் அங்கே போய்க் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘இது குற்றத்தில் வந்தது என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?’

சங்கிலி திரும்பக் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. பிணைப் பத்திரம் எழுதி, படம் எடுத்து, வழக்கு எண் கட்டிய நூலோடு கொடுத்தார்கள். அந்த அம்மா நூலை அங்கேயே பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளில் இருந்து வேலைக்கு அதைப் போட்டுக்கொண்டு வருவதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வினாக்கள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே.